எந்த வாசல், எந்த வயது: காக்கியில் உச்சிக்குப் போகும் கணக்கு

தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலராகச் சேர ஆண்களுக்கு 170 செ.மீ. உயரம் வேண்டும், பட்டியல் வகுப்பு, பழங்குடி ஆண்களுக்கு 167. பெண்களுக்கு முறையே 159, 157. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1 தேர்வு எழுதி நேரடி டி.எஸ்.பி. (துணைக் கண்காணிப்பாளர்) ஆக ஆண்களுக்கு 165, பெண்களுக்கு 155 போதும். ஐ.பி.எஸ். ஆக ஆண்களுக்கு அதே 165, பெண்களுக்கு 150தான். 166 செ.மீ. உயரமுள்ள குடியாத்தத்துப் பையனைக் காவலர் தேர்வில் அளவுகோலுக்கு அடியிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவனே வேறொரு மாவட்டத்துக்கு எஸ்.பி.யாகப் போய், தன்னைவிட உயரமான காவலர்களின் அணிவகுப்பு மரியாதையை ஏற்கலாம். வேலூரில் விடிவதற்கு முன்பே மைதானத்தில் ஓடத் தொடங்கும் பிள்ளைகளில் பலருக்கு இது தெரிவதில்லை. அளவில் தவறியதும் காக்கிக் கனவையே மூட்டை கட்டி வைத்துவிடுகிறார்கள்.

காவல்துறைக்குள் நுழைய நான்கு வாசல்கள்: காவலர், எஸ்.ஐ., டி.எஸ்.பி., ஐ.பி.எஸ். எந்த வாசலில் எந்த வயதில் நுழைகிறோம் என்பதே கடைசியில் எங்கே போய் நிற்போம் என்பதைப் பெருமளவு தீர்மானித்துவிடுகிறது. உழைப்பும் நேர்மையும் பிற்பாடுதான் கணக்குக்கு வருகின்றன. இதைப் பிள்ளைகளிடம் பூசி மெழுகாமல் சொல்லிவிட வேண்டும். அப்புறம்தான் அடுத்த பேச்சு: அந்த உயரத்துக்குப் போனவர் எப்படிப்பட்ட அதிகாரியாக இருப்பார் என்பது. அது முடிவாகும் இடம் தேர்வு மண்டபம் கிடையாது. அவர் கைக்கு வரும் முதல் உட்கோட்டம், அதாவது சில காவல் நிலையங்கள் சேர்ந்த பகுதி.

காவலர் வாசலில் மதிப்பெண் எழுத்துத் தேர்வுக்கு 70, உடல்திறனுக்கு 24, என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றுகளுக்கு 6. அதற்கு முன் தமிழ் தகுதித் தேர்வில் தேற வேண்டும். ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். தொடக்க அடிப்படைச் சம்பளம் 18,200 ரூபாய். பத்தாண்டில் முதல் நிலைக் காவலர், பதினைந்தில் தலைமைக் காவலர், இருபத்தைந்தில் சிறப்பு எஸ்.ஐ. என்பது நெடுங்காலமாக நடைமுறையில் இருந்த கணக்கு. இருபது வயதில் சேர்ந்தவர் நாற்பத்தைந்தில் சிறப்பு எஸ்.ஐ. ஆவார். இதைக் குறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. நிலையத்தைத் தாங்குகிறவர்கள் இவர்கள்தான். ஆனால் உயர் பதவி குறிக்கோள் என்றால் இந்த வாசலில் நுழைந்த மறுநாளே அடுத்த வாசலுக்குத் தயாராக வேண்டும். எஸ்.ஐ. நேரடித் தேர்வில் 20 சதவீத இடம் துறையில் இருப்பவர்களுக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. குரூப் 1, குடிமைப் பணித் தேர்வு எழுதவும் தடை இல்லை. துறைக்கு முறையாக எழுத்தில் தெரிவித்துவிட்டு எழுத வேண்டும். தெரிவிக்காமல் எழுதி, தேறிய பிறகு தடையின்மைச் சான்றுக்கு அலைவது அநாவசியத் தலைவலி.

எஸ்.ஐ. வாசலுக்குப் பட்டம் வேண்டும், சம்பளம் 36,900இல் தொடங்கும். இங்கிருந்து ஆய்வாளர், பிறகு டி.எஸ்.பி., காலம் இருந்தால் கூடுதல் எஸ்.பி. ஒவ்வொரு படியிலும் பணியிடங்கள் குறைந்துகொண்டே போவதால் ஒரே ஆண்டில் சேர்ந்தவர்களுக்குள்ளேயே முன்பின் வரிசை பெரிய விஷயம். அந்த வரிசையைக் குலைப்பது 'மூன்று பி'. தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணி ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் 3(அ) சிறு தண்டனைக்கான குறிப்பாணை, 3(ஆ) பெருந்தண்டனைக்கானது. காவல் நிலையத்தில் இவற்றை 'மூன்று ஏ', 'மூன்று பி' என்றுதான் சொல்வார்கள். பதவி உயர்வுக்கான பேனல் போடும்போது ஒரு மூன்று பி நிலுவையில் இருந்தால் பெயரைத் தள்ளி வைத்துவிடுவார்கள். விசாரணை மூன்று ஆண்டு இழுத்து, கடைசியில் குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை என்று முடிந்தாலும், அதற்குள் இளையவர்கள் மேலே போய் உட்கார்ந்திருப்பார்கள். பின்தேதியிட்டு உயர்வு தருவார்கள். ஆனால் நிலையப் பொறுப்பில் கழிய வேண்டிய அந்த மூன்று ஆண்டு அனுபவத்தை யாராலும் பின்தேதியிட்டுத் தர முடியாது. மூன்று பி வருவதற்கான காரணங்களோ திரும்பத் திரும்ப ஒன்றேதான்: புகாரை வாங்கி எஃப்.ஐ.ஆர். போடாமல் வைத்திருந்தது, கைப்பற்றிய நகை சொத்துப் பதிவேட்டோடு ஒத்துப்போகாதது, கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்தில் நிறுத்தாதது, பிடியாணைகளைக் கட்டுக்கட்டாகத் தேங்க விட்டது.

மூன்றாவது வாசல் குரூப் 1. முதன்மைத் தேர்வில் தலா 250 மதிப்பெண்ணுக்கு மூன்று தாள்கள், நேர்முகத்துக்கு 100, ஆக 850. தமிழ்த் தகுதித் தாளில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற தாள்களைத் திருத்தவே மாட்டார்கள். வயது வரம்பு பொதுப் பிரிவுக்கு 34, இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 39. தேறியவர்களுக்கு வண்டலூர் அருகே ஊனமாஞ்சேரியில் உள்ள காவலர் உயர் பயிற்சியகத்தில் பயிற்சி. சம்பளம் 56,100இல் தொடங்குகிறது. ஐ.பி.எஸ். அதிகாரியின் தொடக்கச் சம்பளமும் அதே 56,100தான் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். முதல் நாளில் தோளிலும் பெரிய வித்தியாசம் தெரியாது. வித்தியாசம் கடிகாரத்தில் இருக்கிறது. நேரடி டி.எஸ்.பி. எட்டு ஆண்டுப் பணி முடித்தால்தான் ஐ.பி.எஸ். பதவி உயர்வுக்குத் தகுதி பெறுவார். மாநிலத்தின் மூத்த பணியிடங்களில் மூன்றில் ஒரு பங்குதான் இந்த வழியில் நிரப்பப்படும். மத்திய தேர்வாணையத்தின் (யு.பி.எஸ்.சி.) தலைவரோ உறுப்பினரோ தலைமை ஏற்கும் குழு ரகசியக் குறிப்பேடுகளைப் படித்து, ஒவ்வொருவரையும் மிகச் சிறப்பு, மிக நன்று, நன்று, தகுதியில்லை என்று தரம் பிரிக்கும். பணிமூப்புப் பட்டியல் மீது வழக்கு இருந்தால் குழு கூடுவதே தள்ளிப்போகும். எட்டு ஆண்டு என்பது விதிப் புத்தகத்தில் உள்ள எண். நடப்பில் அதைவிட வெகுகாலம் காத்திருக்க நேரும்.

நான்காவது வாசல் டெல்லிக்குத் திறப்பது: ஐ.பி.எஸ்.ஸுக்கான குடிமைப் பணித் தேர்வு. முதன்மைத் தேர்வு 1,750, நேர்முகம் 275, மொத்தம் 2,025. தமிழிலேயே எழுதலாம், நேர்முகத்திலும் தமிழில் பதில் சொல்லலாம். பொதுப் பிரிவுக்கு 32 வயது வரை 6 முறை, ஓ.பி.சி.க்கு 35 வரை 9 முறை, பட்டியல் வகுப்பு, பழங்குடியினருக்கு 37 வரை எண்ணிக்கை வரம்பு இல்லை. இங்கே நம் பக்கத்துப் பிள்ளைகள் அடிக்கடி விழும் குழி ஒன்று உண்டு. மாநிலத்தில் பி.சி., எம்.பி.சி. என்று கையில் வைத்திருக்கும் சாதிச் சான்றிதழ் மத்திய அரசின் ஓ.பி.சி. சான்றிதழ் ஆகாது. சாதி மத்தியப் பட்டியலில் இருக்க வேண்டும். வசதி படைத்தோர் பிரிவில் வரவில்லை என்ற சான்றை மத்திய அரசின் படிவத்தில் தனியாக வாங்க வேண்டும். அறிவிக்கையில் சொன்ன தேதிக்குள் அது வழங்கப்பட்டிருக்க வேண்டும். தேதி தவறினால் பொதுப் பிரிவில் வைத்துவிடுவார்கள். அப்போது 33 வயதுக்காரருக்குத் தேர்வே செல்லாது. வட்டாட்சியர் அலுவலகத்தில் நான்கு நாள் அலைந்து முடிக்கக்கூடிய வேலை இது. விண்ணப்பிக்கும் ஆண்டுக்கு முந்தைய ஆண்டின் ஏப்ரலிலேயே முடித்து வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

செலவை நினைத்துத் தயங்குபவர்களுக்கு: 'நான் முதல்வன்' திட்டத்தில் மதிப்பீட்டுத் தேர்வு எழுதித் தேர்வாகும் 1,000 பேருக்கு மாதம் 7,500 ரூபாய் வீதம் பத்து மாதம் தருகிறார்கள். முதல்நிலைத் தேர்வில் தேறியவர்களுக்கு 25,000 ரூபாய்.

இனி வயதுக் கணக்கு. ஐ.பி.எஸ்.ஸில் நான்கு ஆண்டில் எஸ்.பி. நிலை ஊதியம் 67,700, ஒன்பதாம் ஆண்டில் 78,800. பதினான்காம் ஆண்டில் டி.ஐ.ஜி., 1,31,100. பதினெட்டில் ஐ.ஜி., 1,44,200. இருபத்தைந்தில் ஏ.டி.ஜி.பி., 1,82,200. முப்பதில் டி.ஜி.பி. நிலை, 2,05,400. மாநிலக் காவல் படைத் தலைவர் ஒருவருக்கு மட்டும் 2,25,000. ஓய்வு வயது 60. 23 வயதில் சேர்ந்தவர் 48இல் ஏ.டி.ஜி.பி., 53இல் டி.ஜி.பி. நிலை; அதற்கு மேலும் ஏழு ஆண்டு கையில் இருக்கும். 32இல் சேர்ந்தவர் 57இல் ஏ.டி.ஜி.பி. ஆகலாம், டி.ஜி.பி. நிலைக்கு 62 வேண்டும், அது வராது. எத்தனை திறமை இருந்தாலும் வராது. 'இன்னும் இரண்டு முறை முயன்று பார்க்கலாம்' என்று சொல்லும் வீட்டார் இந்தக் கணக்கையும் ஒரு தாளில் போட்டுப் பார்க்கட்டும். டி.ஐ.ஜி.யாகவோ ஐ.ஜி.யாகவோ ஓய்வு பெறுவது எந்த வகையிலும் குறை கிடையாது. ஆனால் எதற்காகக் காத்திருக்கிறோம் என்பது தெரிந்து காத்திருக்க வேண்டும்.

பெண் பிள்ளைகளுக்கு ஒரு தகவல். தமிழ்நாட்டிலிருந்து முதன்முதலாக ஐ.பி.எஸ். ஆன பெண், 1976ஆம் ஆண்டுத் தொகுதியின் ஜி. திலகவதி, காட்பாடி ஆக்சீலியம் கல்லூரியில் படித்தவர். 2010இல் லத்திகா சரண் மாநிலத்தின் முதல் பெண் டி.ஜி.பி. ஆனார்.

தேறியபின் முசோரியில் அடிப்படைப் பயிற்சி, பிறகு ஐதராபாத்தில் உள்ள சர்தார் வல்லபாய் படேல் தேசிய காவல் பயிற்சியகம். 1948இல் மவுண்ட் அபுவில் தொடங்கி 1975இல் ஐதராபாத்துக்கு வந்த நிறுவனம் அது. குதிரையேற்றம், துப்பாக்கி, சட்டம், தடய அறிவியல் என்று எல்லாம் சொல்லித் தருகிறார்கள். ஆனால் நடுவில் மாவட்டத்தில் கழிக்கும் அரையாண்டுப் பயிற்சிதான் அதிகாரியை உருவாக்குகிறது. அதில் சில வாரம் ஒரு காவல் நிலையத்தைத் தனியாக நடத்த வேண்டும். அந்த வாரங்களில் ரைட்டர் (நிலைய எழுத்தர்) பக்கத்தில் உட்கார்ந்து, பாரா (காவல் முறை) மாறுவது முதல் பொது நாட்குறிப்பு எழுதுவது வரை கையால் செய்து பார்த்தவர்களையும், ஜீப்பில் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனவர்களையும் பிறகு எந்தப் பதவியில் பார்த்தாலும் அடையாளம் தெரிந்துவிடும்.

வேலூர் மாவட்டம் இதற்கு நல்ல பயிற்சிக்களம் என்று துணிந்து சொல்லலாம். பழைய வட ஆற்காட்டின் தலைநகரம் 1911இல் சித்தூரிலிருந்து வேலூருக்கு வந்தது. 1989இல் திருவண்ணாமலை பிரிந்தது; 2019 நவம்பரில் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. மாவட்டம் சுருங்கிவிட்டது, வேலை சுருங்கவில்லை. ஒரு பக்கம் ஆந்திர எல்லை, பரதராமி, கிறிஸ்டியான்பேட்டை சோதனைச் சாவடிகள். இன்னொரு பக்கம் அல்லேரி, பீஞ்சமந்தை மலைகள். நடுவில் சென்னை பெங்களூரு நெடுஞ்சாலை, காட்பாடி சந்திப்பு, பாலாற்று மணல், சி.எம்.சி. மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும் நோயாளிக் குடும்பங்கள், தொரப்பாடியில் மத்திய சிறை. 2008இலிருந்து மாநகராட்சியாக இருந்தும் இங்கே காவல் ஆணையரகம் கிடையாது. ஆகவே நகரத்துக் குற்றமும் மலைக் கிராமத்துச் சாராயமும் ஒரே எஸ்.பி.யின் மேசைக்குத்தான் வரும்.

உட்கோட்ட டி.எஸ்.பி.யாகவோ ஏ.எஸ்.பி.யாகவோ (ஐ.பி.எஸ். அதிகாரியின் தொடக்கப் பதவி) வரும் இளம் அதிகாரி ஒரு நிலையத்தை ஆய்வு செய்யும்போது எதைப் பார்க்க வேண்டும்? பூத்தொட்டியையும் புதுச் சுண்ணாம்பையும் யாரும் காட்டுவார்கள். முதலில் கேட்க வேண்டியது சி.எஸ்.ஆர். பதிவேடு, அதாவது வந்த புகாரைக் குறித்துக்கொண்டு ரசீது தரும் பதிவேடு. வழக்காகப் பதிய வேண்டிய புகாரைச் சி.எஸ்.ஆர். ரசீதோடு நிறுத்திவிட்டால் மாதக் குற்றப் புள்ளி அழகாகத் தெரியும். அந்தப் பதிவேட்டில் ஏதாவது ஐந்து பெயரைத் தொட்டு, அங்கேயே உட்கார்ந்து அவர்களுக்குப் போன் செய்து 'உங்க புகார் என்னாச்சுங்க?' என்று கேட்டால் நிலையத்தின் உண்மை நிலை பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடும். அடுத்து, விசாரணையில் இருக்கும் வழக்குகளின் பட்டியல். குற்றம் சாட்டப்பட்டவர் சிறையில் இருக்கும் ஒவ்வொரு வழக்கிலும் 60ஆவது நாளும் 90ஆவது நாளும் எந்தத் தேதியில் வருகின்றன என்று எதிரே எழுதியிருக்க வேண்டும். மரணம், ஆயுள், பத்தாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை வரும் குற்றங்களுக்கு 90, மற்றவற்றுக்கு 60. அந்த நாள் தாண்டியும் இறுதி அறிக்கை (குற்றப்பத்திரிகை) போகாவிட்டால் ஜாமீன் கேட்பது கைதியின் உரிமை, நீதிபதியால் மறுக்க முடியாது. கொலை வழக்கில்கூட இப்படி வெளியே வருகிறார்கள். பெரும்பாலும் இதற்குக் காரணம் சதியில்லை. தடய அறிவியல் ஆய்வக அறிக்கைக்காகவோ பிணக்கூறாய்வு அறிக்கைக்காகவோ காத்திருந்து, நாளை எண்ண மறந்துவிட்டிருப்பார்கள். அறிக்கை வராவிட்டாலும் இறுதி அறிக்கையைத் தாக்கல் செய்துவிட்டு, கூடுதல் ஆவணமாகப் பிறகு சேர்க்க வழி இருக்கிறது. அதை ஆய்வாளருக்கு எடுத்துச் சொல்லி முடிக்க வைப்பது மேலதிகாரியின் வேலை.

2024 ஜூலை 1 முதல் புதிய சட்டங்கள் வந்தபின் இன்னும் சில கண்ணிகள் சேர்ந்திருக்கின்றன. ஏழாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும். சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலி, ஒளிப் பதிவு செய்ய வேண்டும். மின்னணு ஆவணத்தோடு தரும் சான்றில் அந்தக் கோப்பின் ஹாஷ் மதிப்பை (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் குறியீட்டை) குறிக்க வேண்டும். கடைக்காரரிடமிருந்து கேமரா காட்சியைப் பென்டிரைவில் வாங்கி வந்து மூன்று மாதம் பீரோவில் வைத்துவிட்டு, நீதிமன்ற விசாரணை நெருங்கும்போது சான்று கேட்டுப் போனால், கடையின் பதிவுக் கருவி அதற்குள் பழையதை அழித்திருக்கும். வாங்கும் அன்றைக்கே சான்றையும் வாங்கிவிட வேண்டும். நிலையத்துக்குள் இருக்கும் கேமராவையும் பார்க்க வேண்டும். 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி பதிவுகள் 18 மாதம் இருக்க வேண்டும், முடியாத நிலையிலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது. கேமராவில் ஓடும் கடிகாரம் சரியா, லாக்கப் வாசல் தெரிகிறதா, எந்தக் கேமராவாவது 'பழுது' என்று மாதக்கணக்கில் கிடக்கிறதா? காவல் மரணம் நேர்ந்தபின் இந்தக் கேள்வியைக் கேட்டு என்ன பயன்?

வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்குகளில் டி.எஸ்.பி.க்குக் குறையாத அதிகாரிதான் விசாரணை அதிகாரி. மேற்பார்வையோடு நிறுத்திக்கொள்ள முடியாது, வாக்குமூலம் பதிவது முதல் தானே செய்ய வேண்டும். 60 நாளில் இறுதி அறிக்கை. இதில் தாமதம் பெரும்பாலும் சாதிச் சான்றில்தான். பாதிக்கப்பட்டவருக்கும் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கும் சேர்த்து வட்டாட்சியரிடம் முதல் வாரத்திலேயே கடிதம் போய்விட வேண்டும். ஐம்பதாவது நாள் எழுதும் கடிதம் வழக்கைக் காப்பாற்றாது. இளம் அதிகாரி ஒருவர் எந்தப் பக்கம் நிற்பார் என்பதைச் சேரி மக்கள் இந்த ஒரு கோப்பை வைத்தே எடை போட்டுவிடுவார்கள்; அந்த எடை பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

பந்தோபஸ்து இன்னொரு பாடசாலை. தை பிறந்தால் வேலூர்ச் சுற்றுவட்டாரத்தில் ஊர் ஊராக எருது விடும் விழா. ஓடும் தடத்தின் இருபுறமும் இரட்டைத் தடுப்பு, கால்நடை மருத்துவர், ஆம்புலன்ஸ் எல்லாம் அனுமதியின் நிபந்தனைகள். தடத்துக்குள் ஆள் விழுவதைத் தடுப்பதில்தான் கவனம் முழுக்கப் போகும். விபத்தோ எல்லைக்கோட்டுக்கு அப்பால் நடக்கிறது. கோட்டைத் தாண்டிய காளை நிற்காது; தடுப்பு முடிந்த இடத்தில் வேடிக்கை பார்க்கும் கூட்டத்துக்குள்ளோ சாலைக்கோ பாயும், சுற்றுச்சுவரில்லாத கிணற்றில் விழும். ஆகவே அனுமதிக்கு முன் இடம் பார்க்கப் போகும் டி.எஸ்.பி. தொடங்கும் இடத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு வரக் கூடாது; முடியும் இடத்திலிருந்து அரை கிலோமீட்டர் நடந்து பார்க்க வேண்டும். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வைகாசி முதல் நாள். ஒரே நாளில் குறுகலான தெருக்களில் மொத்தக் கூட்டமும் சிரசோடு நகரும். அங்கே ஆள் எண்ணிக்கையைவிடக் கூட்டம் வெளியேறும் வழி முக்கியம். வருகிற வழியும் போகிற வழியும் ஒன்றாக இருந்தால் எத்தனை காவலர்களை நிறுத்தினாலும் நெரிசலைத் தடுக்க முடியாது.

எஸ்.பி. ஆனபின் வேலையின் தன்மையே மாறிவிடுகிறது. இனி தான் விசாரிப்பதில்லை, விசாரிக்க வைக்க வேண்டும். காலையில் நிலையங்களிலிருந்து வரும் அறிக்கையோடு மாவட்ட உளவு பார்க்கும் தனிப்பிரிவு தரும் அறிக்கையையும் சேர்த்து வைத்துப் படிக்க வேண்டும். இரண்டும் எங்கே முரண்படுகின்றனவோ அங்கேதான் விஷயம் இருக்கும். வாரக் கவாத்து, மாதக் குற்ற ஆய்வுக் கூட்டம், பெரும்பாலும் புதன்கிழமைகளில் மக்கள் குறைதீர் முகாம். முகாமில் மனு கொடுத்தவர் மறுபடி அதே மனுவோடு வந்தால், எந்த நிலையம் அவரைத் திருப்பி அனுப்பியது என்று எண்ணிக்கை வைத்துக்கொள்ளும் எஸ்.பி.க்கு ஆய்வாளர்களைப் பற்றி வேறு குறிப்பு தேவைப்படாது.

குண்டர் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். 1982ஆம் ஆண்டின் 14ஆவது சட்டம். மாவட்டத்தில் பரிந்துரை எஸ்.பி.யுடையது, ஆணை ஆட்சியருடையது, அடைப்பது வேலூர் மத்திய சிறையில், அதிகபட்சம் 12 மாதம். ஆண்டுக்கு இத்தனை பேரைக் குண்டாஸில் போட்டோம் என்று பெருமையாகச் சொல்வது வழக்கமாகிவிட்டது. அவற்றில் எத்தனை உயர் நீதிமன்றத்தில் நின்றன என்று கேட்பவர் குறைவு. கைதிக்குக் கொடுத்த நகலில் பக்கங்கள் படிக்க முடியாமல் மங்கியிருந்தது, ஆங்கில ஆவணத்துக்குத் தமிழாக்கம் தராதது, கைதி அனுப்பிய முறையீட்டைப் பரிசீலிக்கத் தாமதித்தது: ஆணைகள் ரத்தாவது பெரும்பாலும் இப்படிப்பட்ட காரணங்களால்தான். ஜெராக்ஸ் தெளிவாக இல்லாததால் ரவுடி வெளியே வருகிறான் என்றால் அந்தத் தவறு எஸ்.பி. அலுவலகத்தில் நடந்தது.

மலைச் சாராயத்தில் வேறொரு பாடம். மலையேறி ஊறலைக் கொட்டி அழிப்பது படத்துக்கு நன்றாக இருக்கும், செய்யவும் வேண்டும். ஆனால் கொத்தாக உயிரைக் குடிப்பது மெத்தனால். 2023 மே மாதம் மரக்காணத்திலும் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் நடந்தது அதுதான். கள்ளக்குறிச்சியில் மாவட்ட எஸ்.பி. தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார், ஆட்சியர் மாற்றப்பட்டார். மெத்தனால் மலையில் காய்ச்சுவதில்லை, தொழிற்சாலைக்கு என்று வந்து வழியில் திரும்புவது. ஆகவே மலையடிவாரத்து எஸ்.பி. மலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதாது. உரிமம் பெற்ற இருப்பும் கணக்கும் ஒத்துப்போகின்றனவா என்று கிடங்குக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.

எல்லைக்கு அப்பாலிருந்து வரும் சிக்கல் செம்மரம். மரம் நிற்பது சேஷாசலத்தில், வெட்டப் போகிறவர்கள் நம் ஜவ்வாது மலைக்காரர்கள். 2015 ஏப்ரல் 7 அன்று அங்கே 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஆள் பிடித்து அனுப்பும் தரகர் இந்தப் பக்கம் இருக்கிறார். கூலிக்கு வழியில்லாத மலைக் கிராமத்தைக் குற்றவாளிக் கூட்டமாகப் பார்க்கும் அதிகாரிக்கு அந்தத் தரகரின் பெயர் கடைசிவரை கிடைக்காது.

தன் ஆட்களை நடத்துவது பற்றி வேலூர் கோட்டையே ஒரு பாடம் வைத்திருக்கிறது. 1806இல் புதிய தலைப்பாகையில் தோல் சின்னம் வைக்க வேண்டும், நெற்றிச் சின்னம் கூடாது, தாடி கூடாது என்று மேலிருந்து ஆணை. மே மாதமே சிப்பாய்கள் மறுத்துக் காட்டினார்கள். பதிலாகக் கிடைத்தது கசையடி. ஜூலை 10 அதிகாலையில் கோட்டையில் கலகம் வெடித்தது. ஆளுநர் பெண்டிங், தலைமைத் தளபதி கிராடக் இருவரையும் பிறகு திரும்ப அழைத்துக்கொண்டார்கள். அதே கோட்டைக்குள்தான் காவலர் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. காவலர்களுக்கு வார விடுப்பு என்று அரசு 2021இல் ஆணையிட்டது. அது நடக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஆணையைப் படிப்பதைவிட நிலையத்தின் பணிப் பட்டியலைப் படிக்க வேண்டும். விடுப்பு என்று எழுதிய நாளில் அதே பெயர் பந்தோபஸ்துப் பட்டியலிலும் இருந்தால், அந்தக் காவலர் அன்று மாலை மக்களிடம் எப்படிப் பேசுவார் என்பதற்கு எஸ்.பி.யும் பொறுப்பு.

டி.ஐ.ஜி. ஆனால் வேலூர் சரகத்தில் நான்கு மாவட்டங்கள்: வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை. சரகத்துக்குள் ஆய்வாளர் மாறுதல், தண்டனை மேல்முறையீடு, நிலைய ஆய்வு. ஆண்டின் பெரிய சோதனை கார்த்திகை தீபம். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பதிகாரி. ஐ.ஜி.க்கு மேலே போனால் மாவட்டத்தின் வாசனை குறைந்து கோப்பின் வாசனை கூடும். குற்றப்பிரிவு, உளவு, லஞ்ச ஒழிப்பு, பயிற்சி, நவீனமயம், அல்லது மத்தியப் பணியில் சி.ஆர்.பி.எஃப்., சி.பி.ஐ. என்று பிரியும். ஒவ்வொரு ஆண்டும் 10க்கு எத்தனை என்று மதிப்பெண் போடும் பணித்திறன் அறிக்கை தொடர்ந்து வரும். அதை அதிகாரிக்குக் காட்ட வேண்டும், உடன்பாடில்லை என்றால் அவர் எழுத்தில் முறையிடலாம். அந்த உரிமையைக் கூச்சப்பட்டு விடுகிறவர்கள் இருபது ஆண்டு கழித்து அதன் விலையைக் கொடுக்கிறார்கள்.

பதவிக்காலம் பற்றி ஒன்று. 2006 செப்டம்பர் 22 அன்று பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், டி.ஜி.பி., மண்டல ஐ.ஜி., சரக டி.ஐ.ஜி., மாவட்ட எஸ்.பி., நிலைய அதிகாரி எல்லோருக்கும் குறைந்தது இரண்டு ஆண்டு என்றது. நடப்பு அப்படியில்லை. எட்டு மாதத்தில் மாற்றப்படும் எஸ்.பி. தான் போட்ட எந்தக் கொலை வழக்கின் தீர்ப்பையும் பார்ப்பதில்லை. தன் காலத்து விசாரணை எங்கே ஓட்டையாக இருந்தது என்று தெரியாமலேயே டி.ஐ.ஜி. ஆகிவிடுகிறார். துறைக்கு இதைவிடப் பெரிய இழப்பு இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

உச்சிப் பதவிக்கு வருவோம். மாநில அரசு தகுதியான மூத்த அதிகாரிகளின் பெயர்களை அனுப்ப, மத்திய தேர்வாணையம் மூவரைத் தேர்ந்து தர, அவர்களில் ஒருவரை மாநில அரசு படைத் தலைவராக நியமிக்க வேண்டும். 2019இல் உச்ச நீதிமன்றம் இன்னொன்றையும் தெளிவாக்கியது: காலியிடம் வரும்போது ஓய்வுக்குக் குறைந்தது ஆறு மாதம் மிச்சமுள்ளவர்களைத்தான் பரிசீலிக்க வேண்டும். முப்பது ஆண்டு வேலை பார்த்து, எல்லா அறிக்கையும் நன்றாக இருந்து, ஒரு மாதம் குறைந்தாலும் பெயர் பட்டியலில் வராது. பிறந்த மாதத்தின் கடைசி நாளில் ஓய்வு. ஒன்றாம் தேதி பிறந்தவருக்கு அதற்கு முந்தைய மாதக் கடைசியிலேயே ஓய்வு. எந்தப் பிறந்த தேதி? பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளது. தேர்வாணையம் அதைத்தான் ஏற்கும், பிறகு மாற்ற விடாது. நம் ஊர்களில் பள்ளியில் சேர்க்கும்போது ஜூன் மாதத்து ஏதோ ஒரு தேதியைச் சொல்லி எழுதிவிடும் பழக்கம் இன்னும் முழுக்கப் போய்விடவில்லை. பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்பு நடக்கிறது என்றால் பிறப்புச் சான்றிதழையும் பள்ளிப் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியல் போகும் முன் தலைமையாசிரியரிடம் சொன்னால் திருத்த வழி இருக்கிறது.